பழைய எஸ்யூவியில் முன் சீட் மாற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பெரிய எஸ்யூவிகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் சீட் நைந்துவிடுகிறது. வண்டி உயரமானது, ஏறும்போதும் இறங்கும்போதும் கதவுப்பக்க விளிம்பில் உடம்பு உரசாமல் முடியாது. முதலில் அந்த விளிம்பு ஃபோம் அமுங்கும், அடுத்து உறை கிழியும், கடைசியில் உள்ளே இருக்கும் கம்பி தொடையில் குத்தும். வேறு வண்டியில் கழற்றிய நல்ல சீட்டை வாங்கி மாட்டிவிடலாம் என்ற யோசனை அப்போதுதான் வருகிறது. "நாலு போல்ட் வேலைதானே" என்று யாராவது சொல்லியும்விடுகிறார்கள். வாகனப் பராமரிப்புக் குறிப்புகளும் பெரும்பாலும் லெதர், நிறம், சொகுசு என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அந்த நாலு போல்ட் எதைத் தாங்குகிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொண்ட பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கடிதம் நீளம்தான்; விஷயம் அப்படிப்பட்டது.

பெரும்பாலான வண்டிகளில் முன் சீட் பெல்ட்டின் பக்கிள் சீட்டின் சட்டத்திலோ, சீட் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடர் ரெயிலிலோதான் பூட்டப்பட்டிருக்கும். சில பெரிய வண்டிகளில் பெல்ட் சுருளும் சீட்டின் முதுகுக்குள்ளேயே இருக்கும். தோள் பெல்ட் கதவுத் தூணிலிருந்து வராமல் சீட்டின் தோளிலிருந்து வரும். மோதலில் உடம்பைப் பிடித்து நிறுத்தும் விசை பக்கிள் வழியாகச் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து ரெயிலுக்கும், ரெயிலிலிருந்து அந்த நாலு போல்ட்டுக்கும், அங்கிருந்து தரைத் தகட்டுக்கும் இறங்குகிறது. ஐ.நா. வாகன விதி 14 கார் வகை வண்டிகளின் மூன்று புள்ளி பெல்ட்டில் தோள் பகுதியையும் இடுப்புப் பகுதியையும் ஒரே நேரத்தில் தலா 13,500 நியூட்டன் விசையில் இழுத்துச் சோதிக்கச் சொல்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,375 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். பெல்ட்டின் பிடிமானம் சீட்டிலேயே இருந்தால் சீட்டின் எடையைப் போல 20 மடங்கும் கூடச் சேரும். 35 கிலோ சீட் என்றால் இன்னும் 700 கிலோ. சீட் மாற்றுவது மெத்தை வேலை அல்ல, பெல்ட் வேலை என்று சொல்வது இதனால்தான்.

மாற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்தால் சீட் ஒரு நூல் முன்னே, ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஒரு நூல் பின்னே போகிறது என்றால், குற்றம் பெரும்பாலும் தளர்ந்த போல்ட், தேய்ந்த ரெயில், அல்லது சீட்டை ஏற்றி இறக்கும் இணைப்புகளில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் (மூட்டுத் துளைக்குள் இருக்கும் சிறு வளையம்) இவற்றில் ஒன்று. ஒருவர் சீட்டை ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் எங்கே ஆட்டம் என்று பிடிபடும். புஷ் மட்டும் போயிருந்தால் புஷ்ஷை மாற்றினால் போதும். விளிம்பு ஃபோம் மட்டும் அமுங்கியிருந்தால் அடர்த்தியான ஃபோம் வைத்து உறையைத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் சீட்டின் முதுகில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அந்தப் பக்கத் தையலைத் தொடக்கூடாது. ஏர்பேக் விரியும்போது பிரிந்து வழிவிடுவதற்கென்றே தனி நூலில் போட்ட தையல் அது. அங்கே வலுவான நூலில் தைத்தாலும், சாதாரண உறையைப் போட்டு மூடினாலும், ஏர்பேக் சரியான நேரத்தில் சரியான திசையில் வெளியே வராது.

இன்னொரு எண்ணமும் பலருக்கு உண்டு. பயணி சீட் புதிது போலவே இருக்கிறது, அதை ஓட்டுநர் பக்கம் போட்டு இதை அந்தப் பக்கம் போட்டால் என்ன? முழு சீட்டாக அது நடக்காது. கதவுப்பக்க ரெயிலும் நடுப்பக்க ரெயிலும் உயரத்தில் வேறுபடும், ஏனென்றால் தரை நடுவில் மேடேறுகிறது. இடம் மாற்றினால் பக்கிள் கதவுப் பக்கம் போய்விடும், ஏர்பேக் நடுப்பக்கம் வந்துவிடும், சாய்க்கும் கைப்பிடி எட்டாது. சில மாடல்களில் உட்காரும் மெத்தையின் ஃபோமையும் உறையையும் மட்டும் மாற்றிப் போட முடியும். அங்கேயும் பயணி பக்க மெத்தைக்கு அடியில் ஆள் எடையை உணரும் சென்சார் இருந்தால் கையை எடுத்துவிடுவதே சரி. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வேறு வண்டியின் சீட் என்றால், அதே மாடல், அதே தலைமுறை, அதே பக்கம், அதே வசதிகள் உள்ள சீட்தான் முதல் தேர்வு. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதும் ஒத்திருக்க வேண்டும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் நடுவில் ஒரு ஆண்டில் கனெக்டரையோ ஏர்பேக்கையோ கம்பெனி மாற்றியிருக்கக்கூடும். பாக எண்ணை ஒப்பிடாமல் வாங்கக்கூடாது. அளவெடுக்கும்போது நாலு போல்ட் துளைகளின் நீளம், அகலத்தோடு குறுக்கு அளவுகள் இரண்டையும் எடுக்க வேண்டும். நாலு பக்க அளவும் பொருந்தி, குறுக்கு அளவு 5 மி.மீ. வித்தியாசப்பட்டாலும் நாலாவது போல்ட் மரையில் நேராக உட்காராது. அதை இழுத்துப் பிடித்து ஏற்றினால் ரெயில் முறுகும். ஸ்லைடர் ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் பூட்டாமல் நிற்கும்.

வாங்கப்போகும் சீட் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். மோதிய வண்டி என்றால் பக்கிளைப் பாருங்கள். மோதலில் சிறு வெடிப்பால் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பாகத்துக்குப் பிரீடென்ஷனர் என்று பெயர். வெடித்து இழுத்த பிரீடென்ஷனர் உள்ள பக்கிள் சாதாரண உயரத்தைவிடத் தாழ்ந்திருக்கும், அதன் தண்டில் இருக்கும் உறை மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். பின்னாலிருந்து அடிபட்ட வண்டியின் சீட்டில் சாய்வுப் பற்சக்கரம் இழுபட்டு, முதுகு ஒரு பக்கம் லேசாகத் திரும்பியிருக்கும். சீட்டைச் சமதளத்தில் வைத்து இரண்டு தோள்களின் உயரத்தையும் அளந்தால் தெரியும். வெள்ளத்தில் நின்ற வண்டியின் சீட்டுக்கு ரெயில் பற்களிலும் ஸ்பிரிங்கிலும் துரு ஏறியிருக்கும். கனெக்டர் பின்கள் பச்சை பூத்திருக்கும். இந்த மூன்று வகையும் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

மின்சாரப் பக்கம்தான் அதிகம் ஏமாற்றுவது. கனெக்டரின் வடிவம் ஒன்றாக இருந்தால் ஒயர்களும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வண்டிகளின் வரைபடத்தையும் வைத்து பின் பின்னாக ஒப்பிட வேண்டும். மோட்டாரால் நகரும் பவர் சீட்டுக்குத் தடித்த சப்ளை ஒயரும் தடித்த எர்த் ஒயரும் வேண்டும், 25 அல்லது 30 ஆம்பியர் ஃப்யூஸோடு. கையால் நகர்த்தும் கைப்பிடி சீட் இருந்த வண்டியில் அந்த ஒயர் வராமலே இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒயரிலிருந்து சப்ளை எடுத்தால் மோட்டார் சிக்கும் முதல் நாளே அந்த ஒயர் கார்பெட்டுக்கு அடியில் உருகும். சீட் ஹீட்டருக்கும் தனி ஃப்யூஸ், தனி ரிலே.

மஞ்சள் கனெக்டர், மஞ்சள் உறை போட்ட ஒயர் எல்லாம் ஏர்பேக், பிரீடென்ஷனர் சார்ந்தவை. அவற்றை வெட்டுவது, சால்டர் வைப்பது, மல்டிமீட்டரால் ஓம்ஸ் பார்ப்பது மூன்றும் கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டம்கூட ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் திரியைத் தட்டிவிடும் அபாயம் உண்டு. ஏர்பேக் இல்லாத சீட்டை ஏர்பேக் இருந்த வண்டியில் போட்டு, எச்சரிக்கை விளக்கை அணைக்க, ஏர்பேக் இருப்பதாக வண்டியை நம்பவைக்கும் ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிடுவோர் இருக்கிறார்கள். விளக்கு அணைந்துவிடும். பாதுகாப்பு இல்லை என்பதை அடுத்து அந்த வண்டியை வாங்குபவர் அறிய வழியே இருக்காது. இதைவிட மோசமான வேலை இந்தத் துறையில் இல்லை. ரெசிஸ்டர் வைக்காமல் விட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பல வண்டிகளில் அப்போது ஸ்டீயரிங் ஏர்பேக் உள்பட மொத்த அமைப்புமே முடங்கிவிடலாம். ஆக, ஏர்பேக் உள்ள வண்டிக்கு அதே வகை ஏர்பேக் உள்ள சீட்தான்.

பயணி சீட்டில் ஆள் எடை பார்க்கும் சென்சார் இரண்டு மூன்று விதமாக வரும். சிலவற்றில் மெத்தைக்கு அடியில் திரவமோ ஜெல்லோ நிரம்பிய பை, அதோடு ஒரு பிரஷர் சென்சார். சிலவற்றில் சீட்டின் நாலு கால்களிலும் எடை உணரும் துண்டுகள். உட்கார்ந்திருப்பது பெரியவரா, குழந்தையா, வெறும் சீட்டா என்று கணித்து ஏர்பேக்கை இயக்கவோ நிறுத்தவோ இதுதான் சொல்கிறது. ஃபோம், பை, சென்சார், மாட்யூல் எல்லாம் சேர்த்து ஒன்றாக அளவமைக்கப்பட்டவை. ஃபோமை மட்டும் மாற்றினால் கணக்கு தவறும். கால்களில் சென்சார் உள்ள சீட்டுக்குத் தரை சமமாக இல்லாவிட்டாலோ போல்ட்டைத் தாறுமாறாக இறுக்கினாலோகூட எடை தவறாகக் காட்டும். மாற்றிய பிறகு வெறும் சீட்டை வைத்து, வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியில் பூஜ்ஜிய அளவமைப்பு செய்தே ஆக வேண்டும்.

இனி கழற்றும் வேலை. பேட்டரியைத் துண்டிப்பதற்கு முன்பே பவர் சீட்டை முழு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும், கீழே கை போக. சீட்டைப் பின்னே தள்ளி முன் போல்ட் இரண்டின் மூடிகளையும், முன்னே தள்ளிப் பின் போல்ட்களின் மூடிகளையும் எடுத்து, போல்ட்களைத் தளர்த்த மட்டும் செய்யலாம். பிறகு சீட்டை நடுவில் நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். பெரிய டீசல் எஸ்யூவிகள் சிலவற்றில் இரண்டு பேட்டரி இருக்கும். இரண்டின் நெகட்டிவும் கழற்றப்பட வேண்டும். முதல் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் டூவாரெக், டபிள்யூ164 வரிசை மெர்சிடிஸ் எம்எல் போன்றவற்றில் பேட்டரியே முன் சீட்டுக்கு அடியில்தான். அங்கே வாயு வெளியேறும் குழாயை நசுக்காமல் பார்க்க வேண்டும். பழைய ரேடியோ சிலவற்றுக்கு மின்சாரம் போய் வந்தால் குறியீடு கேட்கும், அதை முன்பே எடுத்து வையுங்கள். ஏர்பேக் கன்ட்ரோலில் தேங்கிய மின்சாரம் வடிய எவ்வளவு நேரம் என்று அந்த வண்டியின் பழுதுபார்ப்பு மானுவல் சொல்லும்: சில கம்பெனிகள் 90 வினாடி, சில 3 நிமிடம், சில 10 நிமிடத்துக்கும் மேல். மானுவல் கையில் இல்லையென்றால் அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். அதன் பிறகுதான் சீட்டுக்கு அடியில் கனெக்டரில் கை வைக்க வேண்டும். மஞ்சள் கனெக்டரைக் கழற்றியதும் அதன் உள்ளே இருக்கும் சிறு தகடு இரண்டு பின்களையும் இணைத்துக்கொள்ளும். உடம்பின் நிலை மின்சாரம் ஏர்பேக்கைத் தட்டாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. அந்தத் தகட்டைக் குத்திப் பார்க்காதீர்கள்.

போல்ட் தலைகள் பல வண்டிகளில் நட்சத்திர வடிவில் இருக்கும், டி-50 அல்லது டி-55 அளவு. பிட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டி முழு ஆழத்துக்கு உட்காரவைத்த பிறகே விசை கொடுக்க வேண்டும். பாதி ஆழத்தில் திருப்பினால் தலை மொழுக்கையாகிவிடும். ஏசி தண்ணீர், சன்ரூஃப் வடிகால், கண்ணாடி ரப்பர் என்று எங்கிருந்து கசிந்தாலும் தண்ணீர் சேரும் இடம் முன் சீட்டின் கீழ் கார்பெட்தான். அதனால் பழைய வண்டியில் முந்தின நாளே மேலிருந்தும் வண்டிக்கு அடியிலிருந்தும் துரு இளக்கும் எண்ணெய் விடுவது நல்லது. இறுகிய போல்ட்டை இம்பாக்ட் கன்னால் ஒரே மூச்சில் எடுக்காமல், நீளக் கைப்பிடியால் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுக்க வேண்டும். தீ வைத்துச் சூடாக்கும் யோசனையே வேண்டாம். ஃபோமும் கார்பெட்டும் மேலே, எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் கீழே.

போல்ட் சுற்றுகிறது, ஆனால் மேலே வரவில்லை என்றால் தரையோடு பற்றவைத்த நட் பிடுங்கிக்கொண்டு கூடவே சுற்றுகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்துங்கள். கீழிருந்து நட்டைப் பிடித்து எடுத்த பிறகு, சுற்றியுள்ள தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சீட் வேலைக்கு முன் தரை வேலை. நல்ல தகடு வரும்வரை வெட்டி, அதே தடிமனில் புதுத் தகடும் வலுவூட்டும் தகடும் வைத்து பாடி வெல்டர் செய்ய வேண்டிய வேலை அது. பெரிய வாஷர் வைத்து மேலிருந்து இறுக்கினால் சாதாரண நாளில் சீட் ஆடாமல் நிற்கும். மோதலில் அந்த வாஷர் துருப்பிடித்த தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

துளைகள் பொருந்தாத சீட்டுக்கு எல் ஆங்கிள் வெட்டி, பட்டை இரும்பு பற்றவைத்து, அடாப்டர் செய்து கொடுக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், இதை நான் ஏற்கவில்லை. அடாப்டர் சீட்டை 25 மி.மீ. உயர்த்தினாலே போல்ட்டுக்கும் விசைக்கும் நடுவே நெம்புகோல் நீளுகிறது; முன்னே இழுக்கும் விசை, பின் போல்ட்களை மேலே பிடுங்கும் விசையாக இன்னும் கூடுதலாக மாறுகிறது. எல் ஆங்கிளின் மூலை வளைந்து நிமிரும் இடம் அதுதான். கூடவே தலை கூரைக்கு நெருங்கும், பக்கிள் உயர்ந்து பெல்ட் இடுப்பு எலும்பிலிருந்து வயிற்றுக்கு ஏறும். வேறு சீட்தான் வேண்டும் என்றால், அந்த வண்டிக்கென்றே வடிவமைத்து வலிமைச் சோதனை முடித்த அடிச்சட்டம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த சீட் உங்கள் வண்டிக்கானது அல்ல.

சீட்டை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். கைப்பிடி சீட் 20 கிலோவுக்கு மேல்; பவர் சீட் 30, 40 கிலோவுக்குப் போகும்; பெல்ட் சுருள் உள்ளேயே இருந்தால் இன்னும் அதிகம். ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி, கதவுப் படியிலும் தூணிலும் போர்வை போட்டு, முதுகைச் சாய்த்து எடுங்கள். ரெயில் விளிம்பு கத்தி மாதிரி, கையுறை அவசியம். வெளியே வந்த பிறகு ஸ்லைடர் கம்பியை இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். இரண்டு ரெயிலும் ஒரு பல் மாறினாலே திரும்ப மாட்டும்போது துளை ஒத்து வராது.

மாட்டுவதற்கு முன் நட்டின் மரையைச் சுத்தம் செய்ய, மரையை வெட்டாமல் துலக்கும் கருவியைப் போடுங்கள். பழைய போல்ட்டின் மரையில் தளராமல் பிடிக்கும் பூச்சு இருந்தாலோ, மானுவல் ஒருமுறைதான் என்று சொன்னாலோ புதிதுதான். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் வேண்டவே வேண்டாம். தலையில் 8.8 என்றிருந்தால் அந்த எஃகின் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், 10.9 என்றால் 1,000, சாதாரண 4.6 போல்ட் வெறும் 400. முன்பு இருந்த எண்ணுக்குக் குறையக்கூடாது. சீட் பெல்ட் போல்ட் பல வண்டிகளில் 7/16 அங்குல நுண்மரை, 11.1 மி.மீ. விட்டம். எம்10 (10 மி.மீ. போல்ட்) அதில் தொளதொளவென்று நிற்கும், எம்12 (12 மி.மீ.) மரையை நாசமாக்கும்.

நாலு போல்ட்டையும் முதலில் கையால் மட்டும், குறைந்தது மூன்று நான்கு சுற்று ஏற்ற வேண்டும். ஒன்று கையால் ஏறவில்லை என்றால் கோணல். எடுத்து மறுபடி வையுங்கள். பிறகு மானுவல் சொல்லும் வரிசையில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். எம்10 போல்ட்டுக்குப் பல வண்டிகளில் 35 முதல் 55 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கான எண் மானுவலில் இருப்பதுதான். ஒயர்களைப் பழைய பாதையிலேயே விட்டு, பழைய கிளிப்களில் மாட்டுங்கள். பின்வரிசைக்குக் காற்று போகும் குழாய் பெரிய எஸ்யூவி பலவற்றில் முன் சீட்டுக்கு அடியில்தான் ஓடுகிறது. அது விலகிவிட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு ஏசி வராது.

எல்லா கனெக்டரும் செருகிய பிறகே பேட்டரி. நடுவில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் பிழைக் குறி பதிவாகி, அதை அழிக்க ஸ்கேனர் தேடி அலைய வேண்டிவரும். முதல் முறை சாவி போடும்போது வண்டிக்குள் தேவையில்லாமல் யாரும் இருக்க வேண்டாம். ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும், அணையாமல் நின்றாலும் ஓட்டாதீர்கள். சீட்டை முழுக்க முன்னே, முழுக்கப் பின்னே, மேலே, கீழே கொண்டுபோய் எங்கும் ஒயர் இழுபடவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து காலால் உந்தினால் இரண்டு ரெயிலும் பூட்டி நிற்க வேண்டும். பெல்ட் இடுப்பு எலும்பின் மேல் படிகிறதா, ஹெட்ரெஸ்ட் உச்சந்தலை மட்டத்துக்கு வருகிறதா, நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 செ.மீ.யாவது இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் டார்க் ரெஞ்சை மறுபடி ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

கழற்றிய பழைய சீட்டை என்ன செய்வது என்பதை யாரும் எழுதுவதே இல்லை. அதன் முதுகில் வெடிக்காத ஏர்பேக்கும் பக்கிளில் வெடிக்காத பிரீடென்ஷனரும் இருக்கலாம். இரும்பு விலைக்குப் போட்டால், அதை கேஸ் கட்டரால் வெட்டுகிறவரின் முகத்துக்கு நேரே அது வெடிக்கும். ஏர்பேக்கை முறைப்படி செயலிழக்கச் செய்யத் தெரிந்த சர்வீஸ் நிலையத்திடமோ, பழைய வாகனங்களைப் பிரிக்க அனுமதி பெற்ற இடத்திடமோ ஒப்படையுங்கள். அதுவரை சீட்டின் மேல் "ஏர்பேக் உள்ளது" என்று பெரிதாக எழுதி, ஏர்பேக் பக்கம் எதுவும் சாய்ந்திருக்காதபடி, வெயிலும் நெருப்பும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

இப்படிக்கு,
வாகன இருக்கை, சீட் பெல்ட் வேலை அறிந்த வாசகர்